பேர்பெற்ற ஊர்களும் விருந்தினரும்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

திருகோணமலையிலிருந்து வெளிநாடு செல்வோருக்கு நெடுங்காலமாகப் பயண ஒழுங்குகளைச் செய்துகொடுத்து வருகிறேன். பருவகாலத்தில் நிலாவெளிக்கு வரும் வெளிநாட்டாருக்கு வழிகாட்டியாகவும் இருக்கிறேன். புகழ்பெற்ற ஊர்கள் நாம் செலவழிக்கும் பணத்துக்குப் பெறுமதியானவையா, அங்குள்ளவர்கள் வெளியாரை எப்படி நடத்துகிறார்கள் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒத்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (உவர்மலையிலிருந்து ஓர் அம்மா): மகன் பாரிஸில், லா சப்பலுக்கு அருகில் இருக்கிறான். கோடையில் வரச் சொல்கிறான். மோனாலிசா ஓவியத்தைப் பார்த்து வந்தவர்கள் எல்லோரும் “இவ்வளவுதானா?” என்கிறார்கள். லூவர் அருங்காட்சியகத்துக்குப் போகத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயம் போங்கள் அம்மா, ஆனால் மோனாலிசாவுக்காக மட்டும் போகாதீர்கள். அந்த ஓவியம் 77 சென்ரிமீற்றர் உயரமும் 53 சென்ரிமீற்றர் அகலமும்தான். அது கண்ணாடிக்குப் பின்னால், தடுப்புக்கு அப்பால் இருக்கிறது. முன்னால் நிற்பவர்கள் உயர்த்திப் பிடித்திருக்கும் கைத்தொலைபேசிகளுக்கு நடுவே அது நமக்குச் சில விநாடிகள் தெரியும், அதற்குள் பின்னால் நிற்பவர்கள் நெருக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்போது நீங்கள் செய்ய வேண்டியது, அப்படியே திரும்பி எதிர்ச் சுவரைப் பார்ப்பதுதான். அங்கே வெரோனேசே என்ற வெனிஸ் ஓவியர் வரைந்த கானாவூர்த் திருமண விருந்து, ஏறத்தாழ 7 மீற்றர் உயரத்தில் 10 மீற்றர் அகலத்தில் சுவரை நிறைத்து நிற்கிறது. லூவரிலேயே மிகப் பெரிய ஓவியம் அது. நடுவில் அமர்ந்து வாத்தியம் வாசிப்பவர்கள், சாடியிலிருந்து சாடிக்கு மதுவை ஊற்றும் பணியாளன், மேசைக்கு முன்னால் நிற்கும் நாய்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க அரைமணி நேரம் வேண்டும். அந்த அரைமணி நேரமும் உங்களை யாரும் இடிக்க மாட்டார்கள், ஏனென்றால் மண்டபத்தில் உள்ள அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

2024ஆம் ஆண்டில் 87 இலட்சம் பேர் லூவருக்கு வந்தார்கள். கூட்டத்தைத் தாங்க முடியாமல் 2025 ஜூன் மாதம் அங்குள்ள பணியாளர்களே வேலையை நிறுத்தினார்கள் என்றால் நெரிசலைப் புரிந்துகொள்ளலாம். செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகம் பூட்டு. புதன், வெள்ளி ஆகிய நாட்களில் இரவு 9 மணிவரை திறந்திருக்கும் என்பதால் அந்த மாலைகளில் போவதே நல்லது. 2026 ஜனவரி முதல் ஐரோப்பியர் அல்லாதோருக்கு நுழைவுச்சீட்டு 32 யூரோ. மகனை முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓகஸ்ட் கடைசி அளவில் லா சப்பலில் மாணிக்க விநாயகர் தேர் வீதிக்கு வருகிறது. அங்கே தேங்காய் உடைப்பவர்கள் நம்மவர்கள், நடைபாதையில் நின்று பார்ப்பவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். விருந்தினர் யார், வீட்டுக்காரர் யார் என்பது மாறி நிற்கும் அந்த நாளில் நீங்கள் அங்கு இருக்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சாம்பல்தீவு): வெளிநாட்டாருக்கு ஒரு விலை, உள்ளூராருக்கு ஒரு விலை என்பது நியாயமா? வெளிநாட்டில் நம்மிடம் கூடுதலாகக் கேட்டால் கோபம் வருகிறது.

பதில்: சிகிரியாவில் வெளிநாட்டாரிடம் 30 டொலருக்கும் மேல் வாங்குகிற நாட்டிலிருந்து போகிற நாம் லூவரின் 32 யூரோவைக் குறை சொல்வதற்கில்லை. பழைய கட்டடங்களையும் அருங்காட்சியகங்களையும் பேணுவது அந்நாட்டு மக்களின் வரிப்பணம். அதற்கு ஈடாக அவர்கள் குறைந்த விலையில் நுழைவதை நான் நியாயம் என்றே கருதுகிறேன். தாஜ்மஹாலில் இந்தியருக்கு 50 ரூபாய், மற்ற வெளிநாட்டாருக்கு 1,100 ரூபாய். ஆனால் இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளின் அமைப்பான சார்க்கைச் சேர்ந்த நாட்டவருக்கு 540 ரூபாய்தான். பலர் இதை அறியாமல் முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வருகிறார்கள். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருந்து சார்க் கட்டணம் என்று கேளுங்கள். கல்லறை மாடத்துக்குள் செல்ல மேலும் 200 ரூபாய் வேண்டும், வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்.

ஆனால் ஓட்டோவிலும் இளநீர்க் கடையிலும் தோலைப் பார்த்து விலை சொல்வது வேறு விடயம். அதற்கு எந்தப் பேணற்செலவும் காரணமில்லை. கடற்படைத் தளவீதியில் வெள்ளைக்காரருக்கு மூன்று மடங்கு சொல்லும் நம் தம்பி, அந்த மனிதர் அன்றிரவே அதைப் பயண விமர்சனத்தில் எழுதிவிடுகிறார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி (தம்பலகாமத்திலிருந்து ஓர் ஆசிரியர்): வெனிஸ் நகருக்குள் நுழையவே காசு கேட்கிறார்களாமே? ஒரு நகரம் தன்னைக் காட்சிசாலையாக்கிக்கொள்ளலாமா?

பதில்: 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகுந்த குறிப்பிட்ட நாட்களில், காலையில் வந்து மாலையில் திரும்புவோரிடம் மட்டும் 5 யூரோ வாங்கத் தொடங்கினார்கள், மறு ஆண்டு, கடைசி நேரத்தில் பதிவு செய்வோருக்கு அதை 10 யூரோவாக்கினார்கள். இரவு தங்குவோர் அதைக் கட்ட வேண்டியதில்லை. உங்கள் கேள்வியிலுள்ள கவலை எனக்கும் உண்டு ஐயா. ஆனால் கட்டணம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே வெனிஸ் மாறிவிட்டது. 1950களின் தொடக்கத்தில் அந்தத் தீவு நகரில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அது 50,000க்குக் கீழே இறங்கிவிட்டது. வாடகைக்கு இருந்தவர்கள் வெளியேற, வீடுகள் பயணிகளுக்கான அறைகளாயின. அறைகள் பெருகப் பெருக, அரிசியும் மருந்தும் விற்ற கடைகள் முகமூடியும் நினைவுப்பொருளும் விற்கும் கடைகளாயின.

ஓர் ஊர் அளவுக்கு மீறிப் புகழப்பட்டுவிட்டதா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் திருப்பிக் கேட்பது, அந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை காலையில் புத்தகப்பையோடு நடந்து போவதைப் பார்க்க முடிகிறதா என்பதைத்தான். வெனிஸில் இன்னும் பார்க்கலாம். ஆனால் பெரிய சதுக்கத்தையும் பாலத்தையும் விட்டு விலகி, கனரேஜியோ போன்ற பகுதிகளில் காலை 7 மணிக்கு நடந்தால்தான் பார்க்கலாம். அப்படி ஓர் இரவு தங்க முடியாதவர்கள், நான்கு மணி நேரத்துக்காக அங்கே போக வேண்டாம் என்பதே என் கருத்து. பெரிய சுற்றுலாக் கப்பல்கள் நகரின் முன்னால் செல்வதை 2021 ஓகஸ்ட் முதல் தடுத்ததும் அங்குள்ளவர்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்றதுதான்.

இத்தாலிக்கே போகிறீர்கள் என்றால் பலெர்மோவையும் எண்ணிப் பாருங்கள். சிசிலித் தீவின் அந்த நகரில் நம் தமிழர் பலர் குடியிருக்கிறார்கள். மொந்தே பெல்லெகிரினோ மலையிலுள்ள புனித ரொசாலியா குகைக்கோயிலுக்கு இந்துக்களும் கத்தோலிக்கருமாக மலையேறிப் போகிறார்கள். அந்த வழிபாட்டைப் பார்க்கும் ஒருவருக்கு, மூதூரும் வெருகலும் நினைவுக்கு வராமல் இராது.

கேள்வி (கிண்ணியாவிலிருந்து ஒரு மாணவர்): பார்சிலோனாவில் பயணிகள் மீது தண்ணீர் பீய்ச்சி அடித்ததாகப் பார்த்தேன். எங்களைப் போன்றவர்கள் போனால் பாதுகாப்பா?

பதில்: 2024 ஜூலையில் நடந்த ஊர்வலத்தில் சிலர் விளையாட்டுத் துப்பாக்கிகளால் உணவகங்களின் வெளிமேசைகளில் இருந்தவர்கள் மீது தண்ணீர் அடித்தது உண்மை. யாரையும் அடித்துக் காயப்படுத்தவில்லை. என்றாலும் உண்டுகொண்டிருந்த விருந்தாளியை அவமதித்தது எனக்கு ஏற்புடையதன்று. அவர்களின் குறையோ முற்றிலும் நியாயமானது: பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடுவதில் கிடைக்கும் வருமானம் மாதவாடகையில் கிடைக்காததால், அந்த நகரில் பிறந்து வளர்ந்த இளைஞர்களுக்கு வீடு கிடைப்பதில்லை. 10,000க்கும் சற்று மேற்பட்ட பயணியர் குடியிருப்பு அனுமதிகள் எதையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று நகர முதல்வர் ஹௌமே கொல்போனி அறிவித்தது இதனால்தான். ஆகவே தம்பி, குடியிருப்பு மாடிகளில் அறை எடுக்காமல் முறையான விடுதியில் தங்குங்கள். இரவில் படிக்கட்டில் பெட்டியை இழுத்துச் சத்தம் எழுப்பாதீர்கள். தெருவில் உங்களை யாரும் வெறுத்துப் பார்க்கப் போவதில்லை.

நம் கடவுச்சீட்டுக்காரருக்கு உண்மையான சோதனை நடப்பது விமான நிலையத்தில்தான். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான செங்கன் விசாவுக்கு 90 யூரோ கட்டி, வங்கிக் கணக்கைக் காட்டி, எல்லாம் சரியாகப் பெற்றிருந்தாலும் அங்கே மறுபடியும் கேள்வி கேட்பார்கள். விடுதிப் பதிவு, திரும்பும் பயணச்சீட்டு, காப்புறுதி ஆகியவற்றின் தாள் பிரதிகளைக் கையில் வைத்திருந்து சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள்.

கேள்வி (நகரம்): சிங்கப்பூர் மெர்லயன், பிரசல்ஸின் சிறுநீர் கழிக்கும் சிறுவன், கோபன்ஹேகன் கடற்கன்னி ஆகிய சிலைகளைப் பார்க்க நாள் ஒதுக்கலாமா?

பதில்: வேண்டாம். மெர்லயன் ஏறத்தாழ 8.6 மீற்றர், கடற்கன்னி ஒன்றேகால் மீற்றர், பிரசல்ஸ் சிறுவன் அரை மீற்றருக்குச் சற்று அதிகம். போகிற வழியில் இருந்தால் நின்று பாருங்கள்.

கேள்வி (உப்புவெளியிலிருந்து ஒரு தங்கை): சுவிஸில் இருக்கும் அக்கா யுங்ஃபிராவ் சிகரத்துக்குப் போகலாம் என்கிறாள். செலவு தலையைச் சுற்றுகிறது.

பதில்: ரயில் போவது சிகரத்துக்கு அல்ல, அதற்குக் கீழேயுள்ள யுங்ஃபிராவ்யோக் நிலையத்துக்கு. 3,454 மீற்றர் உயரத்திலுள்ள அந்த நிலையத்துக்கு, சலுகை அட்டை இல்லாமல் கோடையில் போய்வர 200 பிராங்குக்கு மேல் செல்லும். வானம் தெளிவாக இருந்தால் அதற்குத் தகும். முகில் மூடியிருந்தால் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்கலாம். மேலேயுள்ள காட்சியை நேரலையில் காட்டும் கமராக்கள் உண்டு, அன்று காலை அதைப் பார்த்த பிறகே சீட்டு வாங்கச் சொல்லுங்கள். கொரியத் தொடர் ஒன்றால் பேர்பெற்ற இசெல்ட்வால்ட் படகுத்துறையில் கால் வைக்க 5 பிராங்க் வாங்குகிறார்கள். சில நூறு பேரே வாழும் கிராமம் அது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி (நிலாவெளியிலிருந்து ஒரு படகுக்காரர்): தாய்லாந்தில் ஒரு கடற்கரையையே பூட்டினார்களாம். இங்கே புறாத்தீவையும் அப்படிப் பூட்டினால் எங்கள் பிழைப்பு என்னாகும்?

பதில்: அண்ணா, இந்தக் கேள்விக்குத்தான் நான் விரிவாக எழுத விரும்பினேன். ஃபி ஃபி தீவுகளில் உள்ள மாயா குடாவை 2018 ஜூனில் மூடினார்கள். ஒரு திரைப்படத்தால் பேர்பெற்ற அந்தச் சிறு குடாவுக்கு நாளொன்றுக்கு 5,000 பேர்வரை வந்தார்கள். படகுகளின் நங்கூரங்களும் விசிறிகளும் மனிதரின் கால்களும் சேர்ந்து பவளத்தில் பெரும்பகுதியை அழித்துவிட்டன. 2022 ஜனவரியில் திறந்தபோது, படகுகள் குடாவுக்குள் வருவதை நிறுத்தி, தீவின் பின்புறத்தில் இறங்குதுறை அமைத்து, ஒரே நேரத்தில் உள்ளே இருக்கக்கூடியோர் தொகைக்கும் வரம்பிட்டார்கள், நீந்துவதையும் தடுத்தார்கள். மூடியிருந்த காலத்திலேயே கருமுனைச் சுறாக்கள் குடாவுக்குத் திரும்பிவிட்டன.

அதே சுறாக்கள்தான் நம் புறாத்தீவிலும் இருக்கின்றன. 2003இல் தேசியப் பூங்காவாக்கிய அந்தத் தீவில், கரைக்கு அருகே இடுப்பளவு ஆழத்திலேயே பவளம் தொடங்கிவிடுகிறது. நீந்தத் தெரியாதவர் வாடகைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்குகிறார். முகத்தில் தண்ணீர் ஏறியதும் பயந்து காலை ஊன்றுகிறார். ஊன்றிய இடத்தில் கிளைப்பவளம் நொறுங்குகிறது. அந்தக் கிளை வளர எத்தனையோ ஆண்டுகள் சென்றிருக்கும். நீண்ட வார இறுதிகளில் இது நாள் முழுதும் நடக்கிறது. இறங்குமுன் நீந்தத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாதவருக்கு மிதவைச்சட்டை கொடுங்கள். பவளத்தின் மேல் நிற்பவரை, அவர் கொழும்புக்காரரானாலும் வெள்ளைக்காரரானாலும், கூப்பிட்டு நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பைப் படகுச் சங்கமே கேட்டு வாங்க வேண்டும். மாயா குடாவில் அந்த வரம்பு வருமுன் படகுக்காரர்கள் மூன்றரை ஆண்டுகள் அந்தத் தொழிலை இழந்தார்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): நம் நாட்டுக் கடற்கரையிலேயே சில விடுதிகளில் உள்ளூராரை உள்ளே விடுவதில்லை. வெளிநாட்டார் நம்மை எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்குமுன் இதைக் கேட்க வேண்டாமா?

பதில்: கேட்கத்தான் வேண்டும். 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளையருக்கு மட்டும் என்று ஒரு விருந்தை விளம்பரப்படுத்தி, நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததும் அதைக் கைவிட்டார்கள். அது வெளியே தெரிந்தது. தெரியாமல் நடப்பவை பல. குடும்பத்தோடு இரவுணவுக்குப் போன என்னிடமே ஒரு விடுதி வாயிலில் “எல்லாம் பதிவாகிவிட்டது” என்றார்கள். உள்ளே பாதி மேசைகள் வெறுமையாக இருந்தன. சொன்னவர் நம்மூர்ப் பையன்தான், மேலிடத்து உத்தரவு என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. குடித்துவிட்டுத் தகராறு செய்வோரைத் தடுக்க வேண்டுமானால் அந்த நடத்தையைத் தடுக்கட்டும்; பிறந்த ஊரைப் பார்த்துத் தடுப்பது அநியாயம். பார்சிலோனாவில் கிளம்பிய கோபம் ஒருநாள் இங்கும் கிளம்பினால், அதற்கு விதை போடுகிறவர்கள் இவர்கள்தான்.

கேள்வி (மூதூரிலிருந்து ஒரு புகைப்படக்காரர்): ஜப்பானில் கெய்ஷா எனும் மரபுக் கலைப் பெண்களைப் படமெடுத்தால் தண்டமா?

பதில்: கியோத்தோவின் கியோன் பகுதியில் தனியாருக்குரிய சந்துகளுக்குள் பயணிகள் நுழைவதை 2024இல் தடுத்தார்கள், மீறினால் 10,000 யென் தண்டம். வேலைக்கு நடந்து போகும் பெண்ணை வழிமறித்து, உடையைப் பிடித்திழுத்துப் படமெடுத்தவர்களால் வந்த வினை அது. கோணேசர் கோயிலில் கும்பிட்டு நிற்பவரின் முகத்துக்கு நேரே கமராவை நீட்டும்போது நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள், கியோத்தோவில் எப்படி நடப்பது என்று வேறொருவர் சொல்ல வேண்டியிராது. பொது வீதிகளுக்கு இந்தத் தடை இல்லை.

கேள்வி (நிலாவெளியில் விடுதி நடத்தும் ஓர் அக்கா): டிசம்பரில் வந்த விருந்தினர் ஒருவர், நிலாவெளி வீண் புகழ்ச்சி என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். என்ன பதில் எழுதுவது?

பதில்: அவர் பார்த்தது உண்மைதான், அக்கா. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கலங்கிக் கொந்தளிக்கும், புறாத்தீவுக்குப் படகு ஓடாது. தெற்குக் கடற்கரைக்குப் பருவம் டிசம்பர் என்பதால் நாடு முழுதும் அப்படியே என்று நினைத்து வந்திருக்கிறார். மே முதல் செப்டெம்பர்வரை மீண்டும் வரச் சொல்லி, வருத்தம் தெரிவித்து எழுதுங்கள். இனிமேல் நவம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் அறை கேட்பவர்களிடம் பணம் வாங்குமுன்பே கடலின் நிலையைச் சொல்லிவிடுங்கள். கன்னியா வெந்நீர் ஊற்றையும் கோணேசர் கோயிலையும் பார்க்க வருகிறவர்கள் அப்போதும் வருவார்கள்.