டில்லிக் குளிரில் ஹீட்டர் காற்று: பழைய கார்க்காரர்களுக்குக் கேள்வி பதில்

டில்லியின் பல பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளில் பாதி "ஹீட்டர் வேலை செய்யலை" என்பதோடு நின்றுவிட்டன. காற்றே வரவில்லையா, காற்று வந்தும் சூடு இல்லையா? இரண்டும் வேறு வேறு கோளாறு. காற்று வராததற்குக் காரணம் மின்சாரமோ, அடைப்போ, டாஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பிவிடும் மூடியோ. சூடு வராவிட்டால் கூலண்ட் பக்கம், அதாவது இன்ஜின் சூட்டை ஹீட்டருக்குக் கொண்டுவரும் திரவத்தின் பக்கம், போக வேண்டும். மெக்கானிக்கிடம் போகுமுன் இதைத் தீர்மானித்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

ஜனக்புரி: ஃபேன் 1, 2, 3-ல் சத்தமே இல்லை, 4-ல் மட்டும் நன்றாக ஓடுகிறது. மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா சார்?

வேண்டாம். 4-ல் ஓடுகிற மோட்டார் உயிரோடுதான் இருக்கிறது. போனது ரெசிஸ்டர், ஃபேன் வேகத்தைக் குறைக்கும் சின்ன மின் பாகம். கீழ் ஸ்பீடுகளில் கரண்ட் அதன் வழியாகப் போகிறது. கடைசி ஸ்பீடில் அதைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போய்விடும். பெரும்பாலான சின்ன கார்களில் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால், ப்ளோயர் (காற்றை ஊதும் ஃபேன்) பக்கத்தில், இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும்.

புதுசைப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பழையது ஏன் எரிந்தது என்று பாருங்கள். ஃபேன் சக்கரத்தை விரலால் சுண்டினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கிறது. புது ரெசிஸ்டரும் அடுத்த குளிருக்குள் போய்விடும். ரெசிஸ்டரில் வயர் செருகும் ப்ளக்கின் பின்கள் (உலோக முனைகள்) பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகியிருந்தால் ப்ளக்கையும் மாற்றுங்கள். ரெசிஸ்டர் காற்றுப் பாதையில் பொருத்தப்பட்டிருப்பது அது குளிர்வதற்காகத்தான். வெளியே தொங்கவிட்டு டெஸ்ட் செய்தால் சில நொடிகளிலேயே கொதித்துவிடும், கை வைக்காதீர்கள்.

மயூர் விஹார்: ஃபேன் சத்தம் முழுசாகக் கேட்கிறது. வெண்ட்டில் கை வைத்தால் மூச்சுவிடுகிற மாதிரிதான் காற்று வருகிறது. ஏசியை நான் தொடுவதே இல்லை, அதிலும் கோளாறு இருக்குமா?

இருக்கும். பலர் கவனிக்காத இடமே அதுதான். வைப்பருக்கு அடியில் உள்ள கிரில், வெளிக்காற்று மூடி, ஃபில்டர், ப்ளோயர், ஏசியின் கூலிங் காயில், ஹீட்டர் கோர் (சூடான கூலண்ட் ஓடி, காற்றைச் சூடாக்கும் பாகம்), அப்புறம் வெண்ட். காற்று வருவது இந்த வரிசையில்தான். ஏசி போட்டாலும் போடாவிட்டாலும் காற்று அந்தக் காயிலைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். கோடையில் ஈரமாக இருக்கும் காயிலில் டில்லித் தூசி படிந்து, காய்ந்து, கம்பளித் துணி போல ஒட்டிக்கொள்கிறது.

முதலில் ஒரு சோதனை. உள்காற்று சுழலும்படி வைத்தால் காற்று பலமாகவும், வெளிக்காற்றுக்கு மாற்றினால் பலவீனமாகவும் இருந்தால் கோளாறு கிரில் பக்கம். வேப்ப மரத்தடியில் நிறுத்துகிற வண்டியா? கிரிலைக் கழற்றிப் பாருங்கள், ஒரு பை நிறையச் சருகு கிடைக்கும். இரண்டு நிலையிலும் பலவீனம் என்றால் உள்ளே போக வேண்டும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் ஃபேனை ஓட்டுங்கள். காற்று பாய்ந்து வந்தால் ஃபில்டரோடு வேலை முடிந்தது. பழைய மாடல்கள் பலவற்றில் ஃபில்டரே கிடையாது, தூசி நேராகக் காயிலுக்குத்தான் போகும்.

அடுத்து ப்ளோயர் சக்கரம். அதன் இதழ்கள் குட்டிக் கரண்டிகள் மாதிரி வளைந்திருக்கும். அந்த வளைவில் தூசி நிரம்பினால் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்றை அள்ளாது, சத்தம்தான் வரும். பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வோர் இதழாகத் தேயுங்கள். ஏதாவது ஓர் இதழில் சின்னக் கிளிப் செருகியிருந்தால் அழுக்கு என்று பிடுங்கிவிட வேண்டாம். அது பேலன்ஸுக்காக வைத்தது. எடுத்தால் டாஷ்போர்டே அதிரும்.

காயிலைப் பார்க்க டாஷ்போர்டை இறக்க வேண்டியதில்லை. பல கார்களில் ரெசிஸ்டரைக் கழற்றிய ஓட்டை வழியாக ஃபோன் கேமராவை நீட்டினால் காயிலின் முகம் தெரியும். மென்மையான பிரஷ், வாக்குவம், காயில் க்ளீனர் நுரை போதும். பிரஷர் வாட்டர் அடித்தால் தகடுகள் மடிந்து நிரந்தர அடைப்பாகிவிடும். நுரை அடிக்குமுன் வண்டிக்கடியில் ஏசித் தண்ணீர் சொட்டும் குழாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் அழுக்குத் தண்ணீர் கார்பெட்டுக்கு வரும்.

முனிர்கா: போன மாதம் புது மோட்டார் போட்டேன். காற்று முன்பைவிடக் குறைவு!

ப்ளஸ், மைனஸ் மாறியிருக்கலாம். இந்த வகைச் சக்கரம் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் வரும், ஆனால் வேகமே இருக்காது. அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. வயர் இரண்டையும் மாற்றிப் பாருங்கள்.

ஆர்.கே.புரம்: காற்று காலுக்கு மட்டும் வருகிறது. கண்ணாடிக்கு வரவில்லை. காலைப் பனியில் ஒன்றும் தெரியவில்லை.

காற்றைத் திருப்பும் மூடியின் கேபிள் கிளிப்பிலிருந்து நழுவியிருக்கும், அல்லது பிளாஸ்டிக் லீவர் உடைந்திருக்கும். நாபைத் திருப்பும்போது வழக்கத்தைவிட லேசாகச் சுற்றினால் அதுதான். ஸ்டியரிங் பக்க ஓரத்தில் டார்ச் அடித்து, ஒருவர் நாபைத் திருப்ப, இன்னொருவர் லீவர் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். வெண்ட்டிலிருந்து கறுப்புத் துணுக்குகள் பறந்தால் மூடியின் ஓர ஸ்பாஞ்ச் மக்கிவிட்டது. காற்று இடையில் கசிகிறது.

சரிசெய்யும் வரை வெளிக்காற்று வைத்து, ஹீட்டரோடு ஏசியையும் போடுங்கள். ஏசி ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் சூடாக்கும். உள்காற்றில் வைத்தால் உங்கள் மூச்சின் ஈரமே கண்ணாடியில் படியும்.

கரோல் பாக்: காற்று பிரமாதம், சூடுதான் இல்லை. டெம்பரேச்சர் முள்ளும் கீழேயே கிடக்கிறது.

முள் கீழே கிடக்கிறதென்றால் தெர்மோஸ்டாட் வால்வைத்தான் (இன்ஜின் சூடாகும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது) முதலில் சந்தேகப்படுவேன். கோடையில் இன்ஜின் கொதித்தபோது யாரோ அதைக் கழற்றிப் போட்டிருப்பார்கள், அல்லது அது திறந்தபடியே சிக்கியிருக்கும். புதுசு போடுங்கள். அதற்குமுன், இன்ஜின் சூடானதும் இன்ஜினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே உள்ள சுவருக்குள் போகும் இரண்டு ஹோஸையும் (ரப்பர் குழாய்) துணி சுற்றித் தொடுங்கள். இரண்டும் சூடு: உள்ளே காற்றை ஹீட்டர் கோர் பக்கம் விடும் மூடி திரும்பவில்லை. ஒன்று சூடு, ஒன்று சில்லென்று: கோர் அடைப்பு, அல்லது ஹீட்டர் வால்வ் திறக்கவில்லை. இரண்டும் சில்: கூலண்ட் குறைவு, அல்லது ஹோஸ் இரண்டையும் ஒன்றாக இணைத்து ஹீட்டரை விலக்கிவிட்டிருக்கிறார்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

துவாரகா: இனிப்பான வாடை, கண்ணாடியில் எண்ணெய்ப் பசை, கார்பெட் ஈரம்.

ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. அந்த ஆவியைச் சுவாசித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். கோர் மாற்றும் வரை ஹோஸ் இரண்டையும் இணைத்துவிடச் சொல்லுங்கள், கூலண்ட் அளவைத் தினமும் பாருங்கள்.

ரோகிணி: பெட்ரோல் வண்டி, 15 வருஷப் பதிவுக் கெடு நெருங்குகிறது. எவ்வளவு செலவு செய்யலாம்?

ரெசிஸ்டர், ஃபில்டர், சுத்தம் செய்வது வரைக்கும் யோசிக்காமல் செய்யுங்கள். டாஷ்போர்டை இறக்கச் சொன்னால் சாமானைவிடக் கூலி பெரிது. அப்போது கணக்குப் பாருங்கள். ரெசிஸ்டரைக் காஷ்மீரி கேட் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் புதுசாகவே வாங்குங்கள். லீவர், கிளிப், மூடி போன்ற பிளாஸ்டிக் சாமான் மாயாபுரி பழைய சாமான் கடைகளில் பழசாகக் கிடைத்தால் போதும். எங்கே போனாலும் கழற்றிய சாமானைக் கையோடு கொண்டுபோய், பின் எண்ணிக்கையும் ப்ளக் வடிவமும் பொருந்துகிறதா என்று அங்கேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.