1914 செப்டம்பர் 22: ஒரே நாள், மூன்று கடல்கள்

கேள்வி: ஒரே தேதியில் நடந்த குறிப்பிடத்தக்க வரலாற்று நிகழ்வுகள் எவை? உங்களை வியக்க வைத்த தேதி எது?

தேதியை மட்டும் வைத்துப் பட்டியல் போடுவது ரொம்ப சுலபம். செப்டம்பர் 22ஐ எடுத்துக்கொண்டால், 1791ல் மைக்கேல் ஃபாரடே பிறந்தார், 1980ல் ஈராக் படைகள் ஈரானுக்குள் புகுந்து எட்டு வருடப் போரைத் தொடங்கின. சரி, இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. தினசரி காலண்டரின் தாளில் ஒரு மூலையில் அச்சடிக்க வேண்டுமானால் உதவும். தேதியோடு வருடமும் ஒன்றாக அமைந்தால்தான் எனக்கு ஆர்வம் பிறக்கும். அந்த வகையில் என் பதில் 1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை.

சென்னைக்காரர்களுக்கு இந்தத் தேதி தெரிந்திருக்கும். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னை மேல் குண்டு போட்ட நாள். வட சென்னையில் வளர்ந்த எனக்கும் அந்தக் கதை சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அதே நாளில் ஜெர்மன் கடற்படை இன்னும் இரண்டு இடங்களில் தாக்கியது என்பதை ரொம்பப் பிற்பாடுதான் படித்தேன். ஒன்று ஹாலந்துக்குப் பக்கத்தில் வட கடலில். இன்னொன்று பசிபிக்கின் நடுவில் தாஹிட்டி தீவில். முதல் உலகப் போர் தொடங்கி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

வட கடலில் நடந்ததுதான் நாளின் முதல் சம்பவம், மூன்றிலும் கொடூரமானதும் அதுவே. அபூகிர், ஹோக், கிரெஸி என்று பிரிட்டனின் மூன்று பழைய போர்க்கப்பல்கள் அங்கே ரோந்து சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 டன். பழசாகிப்போன இந்தக் கப்பல்களை அங்கே நிறுத்துவது ஆபத்து என்று கடற்படைக்குள்ளேயே பேச்சு இருந்தது. தூண்டிலில் கோத்த உயிர் இரை என்றுகூட அந்தப் பிரிவுக்குக் கேலிப் பெயர் வைத்திருந்தார்கள். கப்பலில் இருந்தவர்களில் பலர் ஓய்வுக்குப் பின் திரும்ப அழைக்கப்பட்ட ரிசர்வ் ஆட்கள். கூடவே டார்ட்மத் கடற்படைக் கல்லூரியிலிருந்து நேராக அனுப்பப்பட்ட பதினைந்து வயதுப் பையன்கள். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் துணைக்கு வர வேண்டிய டெஸ்ட்ராயர்கள் என்ற வேகமான சிறு போர்க்கப்பல்கள் விலகிப் போயிருந்தன. கடல் அடங்கிய பிறகும் மூன்று கப்பல்களும் நேர்கோட்டில், சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தன.

யு-9 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, சுமார் 500 டன், முப்பது பேர்கூட இல்லாத ஒரு சின்னக் கப்பல். தலைவர் ஓட்டோ வெட்டிகன். காலை ஆறரை மணிக்குச் சற்று முன்னால் அபூகிரை அடித்தார். அபூகிரின் தலைவர் தன் கப்பல் கண்ணிவெடியில் மோதிவிட்டது என்று நினைத்து, மற்ற இரண்டு கப்பல்களையும் உதவிக்கு வரச் சொன்னார். இந்த ஒரு தப்புக் கணக்குதான் எல்லாவற்றையும் முடித்தது. ஆட்களைக் காப்பாற்ற வந்து நின்ற ஹோக் அடுத்து போனது. அப்புறம் கிரெஸி. தண்ணீருக்கடியில் பாய்ந்துபோய் வெடிக்கும் டார்பிடோக்கள் தன்னிடம் இருந்த ஆறையும் வெட்டிகன் போட்டுத் தீர்த்தார். ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று கப்பல்களும் கடலுக்கடியில். இறந்தவர்கள் 1,459 பேர். பிழைத்தவர்கள் 837 பேர். அவர்களில் பலரைத் தூக்கியது அந்தப் பக்கம் வந்த டச்சுக் கப்பல்கள்.

கிட் வைகம்-மஸ்கிரேவ் என்ற பையனுக்கு அப்போது 15 வயது. அபூகிரிலிருந்து குதித்து நீந்தி ஹோக்கை எட்டினான், அது அடிபட்டது. அங்கிருந்து கிரெஸிக்கு நீந்தினான், அதுவும் அடிபட்டது. கடைசியில் ஒரு மரத்துண்டைப் பிடித்து மிதந்து பிழைத்தான். இரண்டாம் உலகப் போரின்போது மறுபடி கடற்படையில் சேர்ந்தான் என்று படித்தபோது, இவனுக்கு இன்னும் போதவில்லையா என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதுவரை நீர்மூழ்கியை ஒரு விளையாட்டுப் பொருளாகப் பார்த்த கடற்படை அதிகாரிகள் நிறைய பேர். அந்த ஒரு காலையோடு அந்தப் பார்வை போயிற்று.

கிரெஸி மூழ்கியபோது சென்னையில் மத்தியானம். எம்டன் அப்போது வங்காள விரிகுடாவில் சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்தது. சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் இருந்த ஜெர்மன் கிழக்காசியப் படைப்பிரிவைச் சேர்ந்த கப்பல் அது. போர் வந்ததும் அந்தப் பிரிவின் தளபதி மாக்ஸிமிலியன் ஃபான் ஷ்பே, மொத்தப் படையையும் கூட்டிக்கொண்டு பசிபிக்கைக் கடக்க முடிவு செய்தார். ஒரு கப்பலாவது இந்தியப் பெருங்கடலுக்குப் போகட்டும் என்று எம்டனின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் கேட்டார், ஷ்பேயும் சரி என்றார். ஆகஸ்டு நடுவில் பகான் என்ற தீவருகே இருவரும் பிரிந்தார்கள். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள்தான். பிரிட்டிஷ் கப்பல் போலத் தெரிய வேண்டும் என்று நாலாவதாக ஒரு போலிப் புகைபோக்கியைச் செய்து நிறுத்திக்கொண்டு வந்தார் முல்லர்.

செப்டம்பர் 10 முதல் வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களை வரிசையாகப் பிடித்தார். ஆட்களை முதலில் இறக்கிவிட்டுத்தான் கப்பலை மூழ்கடிப்பார். அந்தக் கண்ணியத்தை எதிரிகளே மெச்சினார்கள். அவர் பிடித்த 'இந்தஸ்' கப்பலில் நிறைய சோப்பு இருந்ததாம். சோப்புக்குத் தவித்துக்கொண்டிருந்த மாலுமிகளுக்குக் கொண்டாட்டம்.

இப்படிக் கப்பல் பிடிப்பதோடு நிறுத்தாமல் ஏன் சென்னைக்கு வந்தார்? பிரிட்டிஷ் அரசின் மானத்தை அதன் கண்ணெதிரே, இந்திய மக்கள் பார்க்க வாங்க வேண்டும் என்பதுதான் கணக்கு. நவராத்திரி தொடங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் என்பதால் பிறை நிலா சீக்கிரமே மறைந்திருக்கும். கடல் இருட்டு, ஊர் வெளிச்சம். கரையிலிருந்து சுமார் 3,000 கஜம் வரை எம்டன் நெருங்கியது. தேடுவிளக்கைப் போட்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறி வைத்தது. ஏறத்தாழ 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பலிலும் குண்டு விழுந்தது. சென்னையின் பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன, ஒன்றும் படவில்லை. அதற்குள் எம்டன் விளக்கை அணைத்துக்கொண்டு கிளம்பிவிட்டது.

உயிரிழப்பு விரல்விட்டு எண்ணக்கூடியது. ஆனால் பயம் அப்படியில்லை. மறுநாளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் நகரத்தைவிட்டு வெளியேறினார்கள். வங்காள விரிகுடாவில் கப்பல் போக்குவரத்தை பிரிட்டிஷ் அரசு நிறுத்தி வைத்தது. ஆக முல்லரின் கணக்கு பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் நகரின் கலங்கரை விளக்கமே அந்தக் கட்டடத்தின் கோபுரத்தில்தான் இருந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த இரவு இன்னும் நன்றாகப் புரியும்.

மூன்றாவது சம்பவம் தாஹிட்டியின் பபேட்டே துறைமுகத்தில். இங்கே ஒரு சின்ன நேரக் கணக்கு. தாஹிட்டி சென்னைக்கு ஏறக்குறைய பதினைந்தேகால் மணி நேரம் பின்னால். அதாவது அங்கே 22ஆம் தேதி காலை ஏழு மணி என்றால், இங்கே அதே 22ஆம் தேதி இரவு பத்தேகால். ஷ்பேயின் பெரிய கப்பல்களான ஷார்ன்ஹோர்ஸ்டும் நைசெனாவும் பபேட்டேக்கு முன்னால் வந்து நின்றது அங்கத்திய காலையில். சென்னையில் எண்ணெய் எரிந்துகொண்டிருந்த அதே இரவு அது. பகானில் பிரிந்த தளபதியும் தலைவரும், பாதி உலகத்தைத் தள்ளி நின்று, சில மணி நேர இடைவெளியில் ஆளுக்கொரு துறைமுகத்தைச் சுட்டிருக்கிறார்கள்.

ஷ்பேக்கு வேண்டியது நிலக்கரி. எரிபொருள் போட வழியில் சொந்தத் துறைமுகம் இல்லாமல் பசிபிக்கைத் தாண்டுகிற படைக்கு அதுதான் மூச்சு. பபேட்டேயில் சுமார் 5,000 டன் குவிந்திருந்தது. அதைக் காத்தவர் டெஸ்ட்ரமோ என்ற பிரெஞ்சு அதிகாரி. கையில் இருந்தது 'ஸெலே' என்ற ஒரு சின்னப் பீரங்கிப் படகு மட்டும். அதன் பீரங்கிகளை முன்கூட்டியே கழற்றிக் கரையில் வைத்திருந்தார். ஜெர்மானியர் வந்ததும் நிலக்கரிக்குத் தீ வைத்தார், படகையும் தானே மூழ்கடித்தார். ஷ்பே சுட்டார், ஊரின் ஒரு பகுதி எரிந்தது, நிலக்கரி கிடைக்கவில்லை. திரும்ப நிரப்ப வழியே இல்லாத குண்டுகளைச் செலவழித்ததுதான் மிச்சம். மூன்று தாக்குதலில் இது ஒன்றுதான் தாக்கியவருக்கே நஷ்டம் என்பது என் கருத்து.

மூன்றும் சேர்ந்து திட்டமிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. வெட்டிகன் ஐரோப்பாவில் தனியாக, முல்லர் ஆகஸ்டு முதல் தனியாக, ஷ்பே நிலக்கரி தேடி ஒரு பக்கம். மூவரையும் ஒருங்கிணைக்கும் வசதி அன்றைக்கு ஜெர்மனியிடம் கிடையாது. உலகின் எல்லாக் கடல்களையும் ஒரே நேரத்தில் காவல் காக்க பிரிட்டனும் பிரான்சும் திணறியதால்தான் இப்படி ஒரு நாள் அமைந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கருத்துப் பெட்டியில் யாராவது கேட்பார்கள். செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார், அவர்தான் குண்டு போடும் இடத்தைக் காட்டினார் என்று தமிழில் எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. அந்த மாதத்தில் அவர் ஐரோப்பாவில் இந்திய விடுதலைக்காக ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் பெருமைக்கு அந்த வேலையே போதும், கப்பலில் ஏற்றி வைக்க வேண்டியதில்லை.

அன்று தலைமை தாங்கிய நான்கு பேரில் மூவர் அடுத்த ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். டிசம்பர் 8 அன்று ஃபாக்லாந்து தீவுகளருகே ஷ்பேயின் படை அழிந்தது. அவரோடு கடற்படையில் இருந்த இரண்டு மகன்களும் அன்றே போனார்கள். டெஸ்ட்ரமோவுக்கும் தாஹிட்டி கவர்னருக்கும் ஒத்துப்போகவில்லை. பிரான்சுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு 1915ல் இறந்தார். வெட்டிகன் அதே 1915 மார்ச்சில், யு-29 என்ற வேறொரு நீர்மூழ்கியில் இருந்தபோது, 'டிரெட்நாட்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் மோதியதில் ஆட்களோடு மூழ்கினார்.

முல்லர் மட்டும் பிழைத்தார். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல் எம்டனை நொறுக்கியது. அவர் கைதியாகி முதலில் மால்டாவில், பிறகு இங்கிலாந்தில் இருந்தார். 1917ல் முகாமிலிருந்து சுரங்கம் தோண்டி இருபதுக்கும் மேற்பட்டவர்களோடு தப்பித்து, மறுபடி பிடிபட்டார். 1923ல் ஜெர்மனியில் காலமானார்.