மேடைத் தையற்காரரிடம் லியோடார்ட் பற்றிக் கேட்டவை

இருபது ஆண்டுகளுக்கு மேல் நடனக் குழுக்களுக்கு உடை வெட்டித் தைத்தவன் நான். இன்று மாலை லியோடார்ட், அதாவது நடனக்காரர்கள் அணியும் உடம்போடு ஒட்டிய ஒற்றை உடை பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். முன்பே வந்த கேள்வியா என்று மட்டும் மேலே பார்த்துவிட்டுக் கேளுங்கள். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரியும், சொல்லிவைக்கிறேன்.

கேள்வி (திருச்சி): லியோடார்ட் என்பது ஓர் ஆளின் பெயராமே? அவர்தான் இந்த உடையைக் கண்டுபிடித்தாரா?

பதில்: ஆளின் பெயர்தான். ஜூல் லியோதார், பிரான்சின் துலூஸ் நகரத்துக்காரர். தந்தை அங்கே உடற்பயிற்சிக்கூடம் நடத்தினார். அதிலிருந்த நீச்சல்குளத்துக்கு மேலே கயிறு கட்டி, தவறினால் தண்ணீர்தானே என்ற தைரியத்தில், ஓர் ஊஞ்சலிலிருந்து இன்னோர் ஊஞ்சலுக்குத் தாவிப் பழகினார் மகன். 1859 நவம்பர் 12 அன்று பாரிஸின் சிர்க் நெப்போலியன் அரங்கில் அதை மக்கள் முன் செய்துகாட்டினார். நம் ஊர் சர்க்கஸில் எல்லாரும் காத்திருந்து பார்க்கும் பார் விளையாட்டுக்குப் பிள்ளையார் சுழி அங்கேதான் விழுந்தது.

அந்தரத்தில் தாவுகிறவனுக்குத் தொளதொளச் சட்டை எமன். கை நீண்ட, உடம்போடு ஒட்டிய பின்னல் துணியைத்தான் அவர் அணிந்தார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் ‘மாயோ’. பிரெஞ்சில் ஒட்டுடைக்குப் பொதுப்பெயர். 1870இல் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். ஆங்கிலத்தில் அந்த உடைக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது 1880களில். தன் பெயரில் ஓர் உடை உலகெங்கும் விற்கப்போவது மனிதருக்குத் தெரியவே தெரியாது.

‘கண்டுபிடித்தார்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஒட்டுடை போட்ட வித்தைக்காரர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். பிரபலமாக்கினார் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி (சிங்கப்பூர்): மகளை பாலே வகுப்பில் சேர்த்திருக்கிறேன். ஏழு வயது. எந்த அளவு வாங்குவது?

பதில்: வயதை விடுங்கள். ஒரு தோளில் நாடாவை வைத்து, முன்புறமாகக் கால்களுக்கு இடையே கொண்டுபோய், முதுகு வழியாக அதே தோளுக்குக் கொண்டுவாருங்கள். அந்த அளவுதான் முக்கியம். மார்பளவு சரியாக இருந்து இந்த அளவு குறைந்தால் தோள்பட்டை அறுக்கும். குழந்தை வகுப்பு முழுக்க உடையை இழுத்துவிட்டுக்கொண்டே நிற்கும். வாங்கிய பின் வெந்நீரில் துவைக்காதீர்கள்.

கேள்வி (கோவை): பாலே என்றாலே குடை விரித்ததுபோல் பாவாடைதானே? வெறும் லியோடார்டோடு மேடையேறும் வழக்கம் எப்போது வந்தது?

பதில்: இதற்குத்தான் காத்திருந்தேன். லியோடார்ட் பாலேக்காரர்களுக்கு நெடுங்காலம் பயிற்சி உடை. சமையலறையில் கட்டும் புடவை மாதிரி. விருந்தாளி வந்தால் மாற்றிக்கொள்வார்கள். அதை அப்படியே கூடத்துக்கு அழைத்துவந்தவர் நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சின். நியூயார்க்கில் 1946இல் அவருடைய ‘தி ஃபோர் டெம்பரமென்ட்ஸ்’ பாலே அரங்கேறியபோது ஓவியர் கர்ட் செலிக்மன் வடிவமைத்த கனத்த உடைகள் ஆட்டத்தையே விழுங்கின. 1951இல் அவற்றைக் கழற்றிவிட்டுப் பயிற்சி உடையிலேயே ஆடவைத்தார். அவருடைய இன்னொரு பாலே ‘கான்செர்ட்டோ பரோக்கோ’வுக்கும் அதே ஆண்டு அதே சிகிச்சை. 1957 டிசம்பர் 1 அன்று அவருடைய ‘அகான்’ அரங்கேறியது: பெண்களுக்குக் கறுப்பு லியோடார்ட், ஆண்களுக்கு வெள்ளை டி-ஷர்ட், கறுப்பு டைட்ஸ் (இடுப்பிலிருந்து பாதம் வரை ஒட்டும் கால் உடை). அதில் டயானா ஆடம்ஸும் ஆர்தர் மிட்செலும் ஆடிய இருவர் நடனம் இருக்கிறது. வெள்ளைப் பெண்ணும் கறுப்பு ஆணும் அந்தக் கால அமெரிக்காவில் ஒருவர் காலை ஒருவர் பிடித்து வளைக்கிறார்கள். மறைக்க ஒரு முழத் துணி இல்லை. பாவாடை இருந்திருந்தால் பாதிப் பிடி கண்ணில் படாமலே போயிருக்கும்.

கேள்வி (மதுரை): மன்னிக்கவும், இதில் கலை எங்கே வந்தது? காசில்லாத குழு, உடைக்குச் செலவழிக்க முடியவில்லை. வறுமையைக் கொள்கை என்கிறீர்கள்.

பதில்: பாதி உண்மை. அவருடைய நியூயார்க் சிட்டி பாலே 1948இல் தொடங்கிய குழு. கையைக் கடித்த காலம்தான். ஆனால் அதே மனிதர் 1954இல் ‘நட்கிராக்கர்’ போட்டபோது வளரும் கிறிஸ்துமஸ் மரமும் கூட்டம் கூட்டமாகக் குழந்தைகளுமாக அமர்க்களப்படுத்தினார். எங்கே சிக்கனம், எங்கே ஆடம்பரம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி (சென்னை): லியோடார்டை யார் கண்டுபிடித்தது?

பதில்: முதல் பதில்.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஆண்கள் இதை அணிந்தபோது எதிர்ப்பு வரவில்லையா?

பதில்: வந்தது, ஆனால் டைட்ஸுக்கு. 1911 ஜனவரியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் மரின்ஸ்கி அரங்கில் ‘ஜிசெல்’. டைட்ஸுக்கு மேலே குட்டைக் கால்சட்டை போடுவது அங்கே விதி. நடனக் கலைஞர் நிஜின்ஸ்கி பாரிஸில் போட்ட உடையில், அந்தக் கால்சட்டை இல்லாமல் வந்து ஆடினார். அரச குடும்பத்தார் அரங்கில் இருந்தார்கள். வேலை போயிற்று. அதன்பின் அவர் முழுமூச்சாக, பாரிஸில் ரஷ்ய பாலே நடத்திய தியாகிலெவின் குழுவோடு போய்விட்டார், நஷ்டம் மரின்ஸ்கிக்குத்தான்.

கேள்வி (மதுரை): மீண்டும் நான்தான். ‘நட்கிராக்கர்’ டிக்கெட் விற்கும் நாடகம், அதனால் செலவழித்தார். ‘அகான்’ விற்காது, அதனால் லியோடார்ட். நான் சொன்னதுதானே?

பதில்: விடமாட்டீர்கள் போலிருக்கிறது. சரி, வருடங்களைப் பாருங்கள். 1963இல் பாலன்சின் குழுவுக்கு ஃபோர்டு அறக்கட்டளையின் பெரிய நிதி. 1964இல் நியூயார்க்கின் கலை வளாகமான லிங்கன் சென்டரில் புது அரங்கம். 1967இல் ‘ஜுவல்ஸ்’ பாலே, உடைக் கலைஞர் கரின்ஸ்கா தைத்த உடைகளில் கல் வைக்காத இடம் குறைவு. காசு வந்துவிட்டது, இல்லையா? பிறகு 1972இல் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கிக்கு எடுத்த விழாவுக்கு ‘வயலின் கான்செர்ட்டோ’ என்ற புதுப் படைப்பு. உடை? அதே கறுப்பு வெள்ளை. கட்டாயம் போன பிறகும் ஒருவன் ஒன்றை விடவில்லை என்றால், அது அவனுக்குப் பிடித்தது என்று பொருள்.

கேள்வி (டொராண்டோ): தெருவில் அணியும் ஆடையாக எப்போது மாறியது?

பதில்: 1943இல், அமெரிக்காவில். போர்க்கால எரிபொருள் தட்டுப்பாடு. கல்லூரி விடுதிகள் குளிர்ந்து கிடந்தன. மில்ட்ரெட் ஓரிக் வடிவமைத்த கம்பளிப் பின்னல் லியோடார்டுகள் ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ இதழில் வந்தன. இன்னொரு வடிவமைப்பாளர் கிளேர் மெக்கார்டெலும் தைத்தார். அப்போது பெரிதாக ஓடவில்லை. துணி அப்படி: இரண்டு மணி நேரம் போட்டால் முழங்காலில் பை தொங்கும். நாட்டியக்காரர்களே டைட்ஸின் இடுப்பில் நாணயத்தைச் சுருட்டி வைத்து, அதைச் சுற்றி நாடாவால் கட்டி இழுத்து நிறுத்துவார்கள்.

துணி மாறியது 1958இல். டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய நூல், பிறகு லைக்ரா என்று பெயர் பெற்றது. இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். அதற்குப் பின்தான் 1970களின் டிஸ்கோ, 1982இல் நடிகை ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி வீடியோ, 1985இல் உடை வடிவமைப்பாளர் டோனா கேரனின் பாடிசூட் எல்லாம். வெந்நீரும் பிளீச்சிங் பவுடரும் இந்த நூலைக் கொல்லும், மறுபடி சொல்கிறேன்.

கேள்வி (சேலம்): பாடிசூட்டும் லியோடார்டும் ஒன்றா?

பதில்: பாடிசூட்டுக்குக் கீழே பிரஸ் பட்டன் உண்டு. கழிவறைக்குப் போகிறவருக்கு அது பெரிய வித்தியாசம்.

கேள்வி (பெங்களூரு): ஒட்டுடை என்றாலே உடலைக் காட்டத்தான். வேறு பயன் உண்டா?

பதில்: உண்டு, நேரெதிர்ப் பயனே உண்டு. 1958இல் நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் ‘சம்மர்ஸ்பேஸ்’ நடனத்துக்கு ஓவியர் ராபர்ட் ரவுஷன்பர்க் பின்திரை முழுக்க வண்ணப் புள்ளி வைத்தார். லியோடார்டிலும் அதே புள்ளிகள். ஆடுகிறவர் அசையாமல் நின்றால் திரையோடு கரைந்துபோவார். நகர்ந்தால்தான் ஆள் இருப்பதே தெரியும்.

‘தோல் நிறம்’ என்ற பெயரில் விற்றதும் எல்லாரையும் காட்டவில்லை. அது வெளிறிய ரோஜா நிறம், வெள்ளைக்காரத் தோலுக்கு. மேலே சொன்ன ஆர்தர் மிட்செல் 1969இல் கரேல் ஷூக்குடன் தொடங்கிய, கறுப்பினக் கலைஞர்களின் பாலே குழுவான டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெமில், 1970களில் டைட்ஸையும் காலணியையும் அவரவர் தோல் நிறத்துக்குச் சாயம் ஏற்றினார்கள். ஆயத்தமாகக் கடையில் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று: லண்டனின் ஃபிரீட் நிறுவனம் பழுப்பு நிற பாயின்ட் காலணி (கால்விரல் நுனியில் நின்று ஆடும் காலணி) கொண்டுவந்தது 2018இல்தான்.

கேள்வி (ஈரோடு): பரதநாட்டியப் பயிற்சிக்கு லியோடார்ட் நல்லதா?

பதில்: உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். என் எல்லைக்கு வெளியே.

கேள்வி (கொழும்பு): இதைக் கண்டுபிடித்தவர் பெண்ணா?

பதில்: இல்லை. மேலே, மேலே, முதல் பதில்.

கேள்வி (மதுரை): 1972 பற்றி யோசித்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 1951இல் கையில் காசு இருந்திருந்தால் பாலன்சினுக்கு இந்த யோசனையே வந்திருக்காது.

பதில்: இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. எரிச்சலாக இருக்கிறது, ஆனால் இல்லை.

கேள்வி (திருப்பூர்): பனியன் துணி எங்களிடமே இருக்கிறது. வீட்டில் தைக்கலாமா?

பதில்: தாராளமாக, லைக்ரா கலந்த துணியாக இருந்தால். துணி எந்தப் பக்கம் அதிகம் நீள்கிறதோ அது உடம்பைச் சுற்றி வரட்டும். சாதாரண நேர்த்தையல் போட்டால் முதல் தாவலிலேயே நூல் அறும். ஜிக்ஜாக் அல்லது ஓவர்லாக் போடுங்கள். கவட்டில் உள்துண்டு ஒன்று வையுங்கள். இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். துவைப்பது எப்படி என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில்): வாஷிங் மெஷினில் போடலாமா?

பதில்: பச்சைத் தண்ணீர், வலைப் பை, நிழலில் காயவைத்தல். வெந்நீர் கூடாது.