‘எ லீக் ஆஃப் தெயர் ஓன்’ படத்தில் கறுப்பினப் பெண்ணுக்கு ஒரே ஒரு காட்சிதானா?

ஒன்றுதான், அதுவும் சில நொடிகள். 1943இல் அமெரிக்காவில் தொடங்கிய பெண்கள் பேஸ்பால் லீக்கைப் பற்றி பென்னி மார்ஷல் 1992இல் எடுத்த நகைச்சுவைப் படம் இது. நிஜ லீக் கறுப்பினப் பெண்களைச் சேர்க்கவே இல்லை. படத்தில் ஒருவரை அணியில் நுழைத்திருந்தால் அந்த உண்மையைப் பூசி மெழுகியதாகியிருக்கும்.

அதற்குப் பதில், ஓரமாக வந்து விழுந்த பந்தை ஒரு கறுப்பினப் பெண் எடுத்து வீசுகிறார். அதைப் பிடித்த வீராங்கனைக்குக் கை வலிக்கிறது, அவ்வளவு வேகம். வசனமே கிடையாது. என் பார்வையில் படத்தின் கூர்மையான இடம் இதுதான். ஆனால் குழந்தைகளோடு பார்த்தால் நீங்கள்தான் நிறுத்தி விளக்க வேண்டும்.

அப்புறம், அந்த லீக்கின் தேர்வில் திருப்பி அனுப்பப்பட்ட மேமி ஜான்சன் என்ற கறுப்பின வீராங்கனை, பின்னாளில் கறுப்பினத்தவரின் பேஸ்பால் அணியான இண்டியானாபோலிஸ் க்ளவுன்ஸில் ஆண்களுக்கே பந்து வீசினார். அவருக்குத் தனிப்படமே எடுக்கலாம்.