காப்பிக் குடோனில் ஓவியம் மாட்டலாமா?

கேள்வி: அம்மா, ஏற்காட்டில் எங்கள் தாத்தா காலத்து எஸ்டேட் பங்களாவில் சின்னதாக ஓர் ஓவியக் காட்சியகம் நடத்துகிறோம். இடம் போதவில்லை. பக்கத்துக் காப்பிக் குடோனையும் சேர்த்துவிட ஆசை. இரண்டுக்கும் நடுவில் கட்டுவது பழைய பங்களா மாதிரியே இருக்கவேண்டுமா?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: வேண்டாங்க. அப்படிக் கட்டினால் எது தாத்தா கட்டியது, எது நீங்கள் கட்டியது என்று உங்கள் பேரப்பிள்ளைகளுக்கே தெரியாமல் போய்விடும்.

இத்தாலியில் வெரோனா நகரத்தில் காஸ்டெல்வெக்கியோ என்றொரு 14-ஆம் நூற்றாண்டுக் கோட்டை இருக்கிறது. அதற்குள் உள்ள அருங்காட்சியகத்தை 1950-களின் கடைசியில் கார்லோ ஸ்கார்பா என்ற கட்டடக் கலைஞர் சீரமைக்கத் தொடங்கினார். புதுத் தரையைப் பழைய சுவரில் முட்டவிடாமல், ஓரத்தில் வாய்க்கால் போல இடைவெளி விட்டு நிறுத்தினார். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை அது. நீங்களும் நடுவில் வரும் நடைவழியைத் தனி அடித்தளம் போட்டு, இரும்புச் சட்டத்தில் நிறுத்துங்கள். பங்களாச் சுவரில் ஓர் ஆணிகூட இறங்கக்கூடாது. புதுக் கூரை ஓட்டுக் கூரையோடு சேரும் இடம் என்றைக்காவது ஒழுகும். அதன் கீழே படம் எதுவும் மாட்டாதீர்கள்.

குடோனில் ஜன்னல் குறைவாக இருந்தால் நல்லதுதான். வெயில் பட்டால் வர்ணம் வெளிறும். நீர்வண்ணப் படங்களுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமே போதும்.

எனக்குப் பெரிய கவலை சுவர்தான். சேலத்தில் ஒரு பழைய வீட்டில் சுண்ணாம்புக் காரைச் சுவர்மேல் சிமென்ட் பூசி, பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தார்கள். மழைக்காலம் முடிந்து ஒரு படத்தைக் கழற்றினேன். பின்னால் சுவர் அப்பளம் போலப் பொரிந்திருந்தது. விரல் வைத்ததும் மாவாகக் கொட்டியது. படத்தின் முதுகில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. காரைச் சுவர் ஈரத்தை வாங்கும், காற்றில் விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே சிக்கிய ஈரம் உப்போடு சேர்ந்து பூச்சைத் தள்ளும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் கேட்கவே வேண்டாம்.

அதனால் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். படத்துக்குப் பின்னால் மரக்கட்டை வைத்து, சுவரிலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி மாட்டுங்கள்.

இந்த ஐப்பசி மழையில் குடோனுக்குள் நின்று, எந்தச் சுவர் எவ்வளவு உயரம் நனைகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். அப்புறம் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.