இழவு வீட்டில் கேட்கிற கணக்கு

அன்புள்ள ஐயா,

நான் லண்டனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். வந்து பதினான்கு வருடம் ஆகிறது. 2022 செப்டம்பரில் எலிசபெத் ராணி இறந்தபோது, வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் அஞ்சலி செலுத்துவதற்காக தேம்ஸ் கரையில் ஒன்பது மணி நேரம் வரிசையில் நின்றேன். 1961இல் ராணி மெட்ராஸ் வந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போய் ரோட்டோரம் கொடியோடு நிறுத்தினார்கள் என்று என் அம்மாச்சி சொல்லிக்கொண்டே இருப்பார். அவருக்காகவும்தான் நின்றேன். அழுதுவிட்டேன் என்பதும் உண்மை.

மறுநாள் வார்டில் அதைச் சொன்னேன். என்னோடு வேலை பார்க்கும் கென்ய அக்கா எனக்கு மிகவும் வேண்டியவர், கிக்குயு இனத்தவர். "என் தாத்தாவை முகாமில் போட்டது அவர் அரசாங்கம். நீ அவருக்காகவா ஒன்பது மணி நேரம் நின்றாய்?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வருடம் சார்ல்ஸ் மன்னர் கென்யா போய், மன்னிப்புக் கேட்காமலேயே திரும்பியபோது மறுபடி அந்தப் பேச்சு வந்தது. மறுபடியும் வாயடைத்து நின்றேன்.

நான் வரிசையில் நின்றது தவறா? ராணி என்ன செய்வார், மந்திரிகள் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர்தானே? எழுபது வருடத்துக்கு முன்னால் நடந்ததை இன்னும் எத்தனை நாளைக்குப் பேசுவது?

ஆர்., லண்டன்

அன்புள்ள ஆர்.,

நீங்கள் நின்றது தவறில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். பேச்சு அறுந்துபோன பங்காளி வீட்டில் சாவு என்றால்கூட தெருமுனை வரையாவது போய் நிற்போம். வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலுக்கு அந்த நாட்களில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் தங்கள் அம்மாவையோ பாட்டியையோ நினைத்துக்கொண்டுதான் நின்றிருப்பார்கள், உங்களைப் போல. அந்த அழுகைக்கு நீங்கள் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மற்ற இரண்டு கேள்விகளை நான் அப்படி விட முடியாது. அதற்கு உங்கள் அக்காவின் ஊர்ப்பக்கம் போக வேண்டும்.

நியேரி என்று கென்யாவில் ஓர் ஊர். அபர்டேர் மலைக்காடுகளை ஒட்டியது, கிக்குயு மக்களின் சொந்த மண். அங்கே காட்டுக்குள் பெரிய அத்திமரம் ஒன்றின் மேல் ட்ரீடாப்ஸ் என்ற விடுதியைக் கட்டியிருந்தார்கள். ராத்திரியில் தண்ணீர் குடிக்க வரும் யானையையும் காண்டாமிருகத்தையும் மேலே உட்கார்ந்தபடி பார்க்கலாம். 1952 பிப்ரவரி 5ஆம் தேதி இரவு, இருபத்தைந்து வயது எலிசபெத் கணவரோடு அங்கே தங்கினார். விடிவதற்குள் இங்கிலாந்தில், மன்னராக இருந்த அவருடைய அப்பா தூக்கத்திலேயே இறந்துபோனார். அன்று அவர்களோடு மரத்தில் இருந்தவர் நமக்கெல்லாம் தெரிந்த ஜிம் கார்பெட், குமாயுனில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவர். 1947இல் இந்தியாவை விட்டுக் கிளம்பி நியேரியில் குடியேறியிருந்தார். இளவரசியாக மரத்தில் ஏறிய பெண் மறுநாள் ராணியாக இறங்கினாள் என்று விடுதிப் பதிவேட்டில் அவர் எழுதிவைத்தார். ராணி இறந்த வாரத்தில் பத்திரிகைகள் அந்தக் கதையை மறுபடி மறுபடி எழுதின. அழகான கதைதான், நானும் சின்ன வயதில் வாய்பிளந்து படித்திருக்கிறேன்.

அந்த மரத்து விடுதி அப்புறம் என்ன ஆனது? 1954 மே மாதம், வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்து ஆயுதம் எடுத்த மாவ் மாவ் என்ற இயக்கத்தின் போராளிகள் அதைக் கொளுத்திவிட்டார்கள். எலிசபெத் ராணியாகி எட்டே மாதத்தில், 1952 அக்டோபரில், பிரிட்டிஷ் காலனியாக இருந்த கென்யாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டிருந்தது. வளமான மேட்டுநிலங்களை வெள்ளைக்காரக் குடியேறிகளுக்கு ஒதுக்கிவிட்டதில் கிக்குயு குடும்பங்கள் தங்கள் மண்ணிலேயே கூலிகளாகியிருந்தன. ஆப்பிரிக்க ஆண்கள் 'கிபாண்டே' என்ற அடையாளச் சீட்டைச் சின்னத் தகர டப்பாவில் போட்டு, ஆட்டுக்கு மணி கட்டுவது போலக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த காலத்தை அந்தத் தலைமுறை மறந்திருக்கவில்லை. சண்டை நிலத்துக்காகத்தான் வந்தது.

அந்தச் சண்டையில் மாவ் மாவ் தரப்பும் கொடுமை செய்தது. 1953 மார்ச்சில் லாரி என்ற ஊரில், அரசுக்கு ஆதரவாக இருந்தவர்களின் குடும்பங்களை, பெண்கள் குழந்தைகள் என்று பார்க்காமல் கொன்றார்கள். இதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பதிலுக்கு அரசாங்கம் ஓர் இனத்தையே கைதியாக்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிக்குயு மக்களை வேலி போட்ட கிராமங்களுக்குள் அடைத்தார்கள். பல்லாயிரம் பேர் விசாரணையே இல்லாமல் தடுப்பு முகாம்களில் கிடந்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் தூக்கில் போட்டார்கள். 1959 மார்ச்சில் ஹோலா முகாமில் வேலை செய்ய மறுத்த கைதிகளைக் காவலர்கள் தடியால் அடித்ததில் 11 பேர் செத்தார்கள். தண்ணீர் குடித்த பிறகு இறந்தார்கள் என்று முதலில் அறிக்கை வந்தது. அடித்தே கொன்றுவிட்டுத் தண்ணீர்மேல் பழி! இதை எப்போது படித்தாலும் எனக்கு வயிறு பிசைகிறது. அந்த ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இதைக் கடுமையாகக் கண்டித்தவர்களில் ஒருவர் ஈனாக் பவல். 1968இல் உங்களையும் என்னையும் போன்றவர்கள் இங்கிலாந்துக்குள் வரவே கூடாது என்று முழங்கிய அதே பவல். அவராலேயே பொறுக்க முடியவில்லை.

இப்போது கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். மாவ் மாவ் தலைவர் டெடான் கிமாத்தியை 1956 அக்டோபரில் சுட்டுப் பிடித்தார்கள். விசாரணை அதே நியேரியில் நடந்தது. வழக்கின் பெயர் 'ரெஜினா எதிர் டெடான் கிமாத்தி'. ரெஜினா என்றால் லத்தீனில் ராணி. 1957 பிப்ரவரி 18 அன்று கமீட்டி (Kamiti) என்ற சிறையில் அவரைத் தூக்கிலிட்டு, அடையாளம் எதுவும் வைக்காமல் எங்கோ புதைத்துவிட்டார்கள். மரத்திலிருந்து ராணியாக இறங்கிய அதே ஊரில், ஐந்து வருடம் முடிவதற்குள், ராணி பேரில் தூக்குத் தண்டனை.

அந்தத் தீர்ப்பை ராணி எழுதவில்லை. மந்திரிகளை மீறி அவரால் எதுவும் செய்திருக்கவும் முடியாது. நீங்கள் சொல்வது அந்த அளவுக்குச் சரி. ஆனால் பேர் என்பது சும்மா இல்லை, ஆர். நம் ஊரில் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தானே நோட்டீஸ் வருகிறது? உழுதது யாராக இருந்தாலும் கோர்ட்டில் போய் நிற்பவர் பட்டாதாரர்தான். எழுபது வருடம் மாலையும் மரியாதையும் அந்தப் பேருக்குத்தான் வந்தன. கணக்கும் அந்த வாசலுக்குத்தான் வரும்.

எத்தனை நாளைக்குப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். அவர்களைப் பேசவிட்டதே சமீபத்தில்தான். மாவ் மாவுக்கு வெள்ளைக்கார அரசு போட்ட தடையைச் சுதந்திரக் கென்யாவும் நீக்கவில்லை. அது 2003 வரை இருந்தது. 2009இல்தான் முகாம்களில் சித்திரவதைப்பட்ட முதியவர்கள் சிலர் லண்டனுக்கு வந்து வழக்குப் போட்டார்கள். காயடிக்கப்பட்டவர் இருந்தார். சிறுமியாக இருந்தபோது பாலியல் வதைக்கு ஆளான பெண்மணி இருந்தார். ஹோலாவில் நினைவு தப்பும்வரை அடிபட்டவர் இருந்தார். 1963இல் கென்யா சுதந்திரம் பெற்றதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது என்றது பிரிட்டிஷ் அரசு. நீதிமன்றம் அதை ஏற்காதபோது, காலம் கடந்துவிட்டது என்றது.

காலம் எப்படிக் கடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். காலனிகளை விட்டுக் கிளம்பும்போது எந்தக் காகிதத்தை விட்டுவைக்கலாம், எதை விடக்கூடாது என்று 1961இல் லண்டனிலிருந்து உத்தரவு போனது. மாட்சிமை தங்கிய ராணியின் அரசுக்குச் சங்கடம் தரக்கூடிய எதுவும் அடுத்து வரும் அரசின் கையில் சிக்கக்கூடாது. எரித்தால் சாம்பலைக்கூடக் கிளறி நொறுக்கிவிட வேண்டும். எரிக்க முடியாவிட்டால் கனமான பெட்டியில் வைத்து ஆழ்கடலில் போட வேண்டும். உங்கள் அம்மாச்சி மெட்ராஸ் ரோட்டில் கொடி பிடித்து நின்ற அதே 1961. மிஞ்சிய கோப்புகளைக் கப்பலிலும் விமானத்திலும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ஒளித்துவைத்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்த 2011இல்தான், லண்டனுக்கு வடக்கே ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் 37 முன்னாள் காலனிகளின் கோப்புகள், சுமார் 8,800, இருப்பதை அரசு ஒப்புக்கொண்டது. அதற்கப்புறம்தான் கதவு திறந்தது. 2013 ஜூனில் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார். 5,228 பேருக்கு, வழக்குச் செலவும் சேர்த்து, 1.99 கோடி பவுண்டு. அதற்குள் எத்தனை பேர் செத்துப்போயிருந்தார்கள்!

என் அப்பத்தாவின் அண்ணன் இறந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பத்து வயது இருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கி, தெருமுனையிலேயே கொண்டையை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டே போனார். ஒப்பாரியில் முதலில் அண்ணன் தன்னைத் தோளில் தூக்கிவைத்துத் தேர் காட்டியதைப் பாடினார். அடுத்த மூச்சில், கிணற்றுக்காட்டில் தனக்குத் தருவதாகச் சொன்ன பங்கைப் பாடினார். கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்பியதையும், மூன்று பிள்ளைகளோடு கூலிக்குப் போனதையும் பாடினார். அண்ணன் மகன்களுக்கு முகம் கறுத்துவிட்டது. "போதும்னு சொல்லுங்கய்யா" என்று ஒருவர் எழுந்தார். திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "பாடட்டும் விடு. இன்னைக்குப் பாடாம என்னைக்குப் பாடுவா?"

அப்பத்தாவின் அழுகையில் பொய் இல்லை. அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவர் அவர். கேட்ட கணக்கிலும் பொய் இல்லை. இழவு வீட்டில்தான் ஊரே கூடியிருக்கும், எல்லார் காதிலும் விழும்.

2022இல் நடந்ததையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். எலிசபெத்தின் மரணத்துக்கு நாங்கள் துக்கப்படவில்லை என்று தென்னாப்பிரிக்காவின் பொருளாதார விடுதலைப் போராளிகள் கட்சி அறிக்கை விட்டது. அமெரிக்காவில் நைஜீரியப் பின்னணி கொண்ட பேராசிரியை ஒருவர், சாகக் கிடப்பவர் வேதனைப்பட்டுச் சாகட்டும் என்று ட்விட்டரில் எழுதினார். சாகிறவர் யாராக இருந்தாலும் அப்படி விரும்புவதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோக முயன்ற பியாஃப்ரா பகுதியில் நடந்த போரில் சொந்தங்களைப் பறிகொடுத்த குடும்பம் அவருடையது. அந்தப் போரில் நைஜீரிய அரசுக்கு ஆயுதம் கொடுத்தது பிரிட்டன். "இப்போது போய் இதைப் பேசலாமா" என்று அவர்களை அதட்டியவர்கள், வேறு எந்த நாளில் காதுகொடுத்தார்கள்? கென்யாவிலேயே துக்கம் இரண்டுபட்டது. ஜனாதிபதி உஹுரு கென்யாட்டா கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடச் சொன்னார். அவருடைய அப்பா ஜோமோ கென்யாட்டா அதே ராணியின் ஆட்சியில் சிறையில் கிடந்தவர். ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டும் இருக்கின்றன.

அயர்லாந்தையும் பாருங்கள். 2011இல் ராணி டப்ளின் போய், பிரிட்டனை எதிர்த்துப் போராடி இறந்தவர்களின் நினைவிடத்தில் தலை குனிந்து நின்றார். 1979இல் அவருடைய உறவினர் மவுன்ட்பேட்டனைக் குண்டு வைத்துக் கொன்றது, பிரிட்டனை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐஆர்ஏ (அயர்லாந்துக் குடியரசுப் படை). அதில் தளபதியாக இருந்த மார்ட்டின் மெகின்னஸுக்கு 2012இல் கை கொடுத்தார். ராணி இறந்தபோது, அந்தப் படையோடு நெருக்கமாக இருந்த சின் ஃபெய்ன் கட்சியினர் மரியாதையோடு இரங்கல் சொன்னார்கள். தலை குனிந்ததற்கு அந்தப் பலன் இருந்தது. கென்யாவில் அப்படி ஒரு குனிவு நடக்கவில்லை. 2023இல் சார்ல்ஸ் மன்னர் நைரோபியில் பேசியபோது, அந்த வன்முறைக்கு எந்தச் சாக்கும் சொல்ல முடியாது, ஆழ்ந்த வருத்தம் என்றார். மன்னிப்பு என்று சொல்லவில்லை. சொன்னால் அடுத்து நஷ்டஈடு, நிலம் என்று கேள்வி வளரும் என்ற பயம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

அதே ஆண்டு மே மாதம் கிமாத்தியின் மனைவி முகாமி இறந்துபோனார். கணவரின் எலும்பையாவது எடுத்துக் கொடுங்கள், முறையாக அடக்கம் செய்ய வேண்டும் என்று பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். அந்த இடம் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நீங்கள் தவிக்கிறீர்கள். அவர் பதில் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ஷிஃப்டில் சேர்ந்து டீ குடிக்கும்போது அவர் தாத்தாவின் பெயரைக் கேளுங்கள். எந்த முகாம், எத்தனை வருடம், வீடு திரும்பினாரா என்று கேளுங்கள். சொன்னால், அவர் அனுமதித்தால், எனக்கும் எழுதுங்கள்.