பழைய வீட்டைச் சுற்றியுள்ள நிலம்: வழிப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி: நூறு வருடம் தாண்டிய பூர்வீக வீட்டைப் புதுப்பிக்கிறோம். சுற்றிலும் புதர் மண்டிக் கிடக்கிறது. மொத்தமாகச் சுத்தம் செய்து, சுவர் ஓரம்வரை பேவர் பிளாக் பதித்து, மீதியில் புல்தரை போடலாமா? வாசலருகே பெரிய மரம் ஒன்று நிற்கிறது. அதன் வேர் வீட்டைப் பெயர்த்துவிடுமோ என்று பயம்.

பதில்: முதலில், ஜேசிபியை இப்போதைக்கு உள்ளே விடாதீர்கள். வீட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்துச் சரிசெய்பவர்கள்கூட நிலத்தை ஒரே நாளில் வழித்துவிடுகிறார்கள். பழைய நடைபாதையின் செங்கல் விளிம்பும் மழைநீர் வாய்க்காலும் அதோடு போய்விடும்.

புதரைக் கையால் தரையோடு வெட்டுங்கள், வேரைப் பிடுங்க வேண்டாம். அப்புறம் ஒரு கோடைக்குத் தண்ணீர் விடாமல் புல்லைக் கவனியுங்கள். அடியில் கல்லோ செங்கலோ இருந்தால் மேலே மண் குறைவு, அங்கே புல் முதலில் காயும். பழைய பாதை அப்படியே கோடாகத் தெரியும். 2013 கோடையில் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தில் தண்ணீர்க் குழாய் எட்டாத பகுதி காய்ந்தபோது, கற்கள் நின்றிருக்கக்கூடிய இடங்கள் தரையில் தெரிந்தன. குடும்ப ஆல்பத்தையும் புரட்டுங்கள்; ஆட்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள்.

சுவர் ஓரம் பேவர் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரின் அடியில் இருக்கும் ஈரம் பக்கத்து மண் வழியாக ஆவியாகிக்கொண்டிருக்கும். அதை மூடினால் ஈரம் சுவரில் ஏறும், உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். பல வருடச் சருகும் மண்ணும் சேர்ந்து தரைமட்டம் உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெளித்தரை வீட்டுத் தளத்தைவிட 15 செ.மீ.யாவது தாழ்ந்து, வெளிப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். சுவரை ஒட்டி அரை மீட்டருக்குச் சரளை போதும். புல்தரை போடுங்கள், ஆனால் ஸ்பிரிங்ளர் தண்ணீர் சுவரில் படக்கூடாது.

மரத்துக்கு வருவோம். வேர் அஸ்திவாரத்தை முட்டித் தள்ளுவது அபூர்வம். மண் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண்ணாக இருந்தால்தான் கவலை. அப்போதும் அவசரப்பட்டு வெட்டாதீர்கள்: மரம் இதுவரை உறிஞ்சி வந்த நீர் இனி மண்ணிலேயே தங்கி, மண் உப்பி வீட்டைத் தூக்கலாம். விரிசல் இருந்தால் தேதி போட்டுக் குறித்து, ஒரு வருடம் பார்த்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் மரத்துக்குத்தான் நம்மால் ஆபத்து. வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணில், கிளை நிழலையும் தாண்டிப் பரவியிருக்கும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து 12-ஆல் பெருக்குங்கள். விட்டம் 50 செ.மீ. என்றால், சுற்றிலும் 6 மீட்டருக்குப் பள்ளம் தோண்டுவதோ மணல் கொட்டுவதோ லாரி நிறுத்துவதோ கூடாது.

சுவரிலேயே முளைத்த செடி வேறு கதை. பிஞ்சாக இருந்தால் இன்றே பிடுங்குங்கள். தடித்துவிட்டால் இழுக்காதீர்கள், செங்கல்லும் சேர்ந்து வரும். வெட்டிவிட்டு வேர் பட்டுப்போன பிறகு எடுங்கள்.

வரலாற்றுத் தோட்டங்களுக்கான 1981 ஃபுளோரன்ஸ் சாசனம் தோட்டத்தை உயிருள்ள நினைவுச்சின்னமாகவே பார்க்கிறது. உயிருள்ளது என்றால் சாகவும் செய்யும். அதனால் அந்த மரத்தின் விதையோ பதியனோ இப்போதே எடுத்துத் தொட்டியில் வளர்த்து வையுங்கள்.